கொத்து பாஸ் சுற்றிய ரெப்

அழகன் என்று பெயர் வைத்தவர்கள் அதற்கு முன்னால் ஒரு தடவை தொட்டிலை எட்டிப் பார்த்திருக்கலாம் என்று அழகனே சொல்வான். கேட்கிறவர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் அவனே சிரித்து முடித்திருப்பான். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து, கழுத்தைத் தேட வைக்கும் தோள், எப்போது பார்த்தாலும் மா ஒட்டிய புருவம். இதையெல்லாம் மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல விடக்கூடாது, நாமே முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் சின்ன வயதிலேயே எடுத்த முடிவு.

மஸ்கெலியா போகிற பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப் பிரிவின் லய வீட்டில் பிறந்தவன். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் அவனைக் கைவிட்டது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்பதற்குப் பதிலாக ஹட்டன் டவுனுக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அலியார் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவச் சேர்ந்தான். கோப்பையிலிருந்து தேத்தண்ணிக்கும், தேத்தண்ணியிலிருந்து ரொட்டிக் கல்லுக்கும் வந்து, இப்போது நாற்பது வயதில் அவன்தான் அந்தக் கடையில் கொத்து ரொட்டி போடுகிற தலைமைக் கைகாரன், கொத்து பாஸ். பின்னேரமானால் இரண்டு கையிலும் இரண்டு தகட்டைப் பிடித்துக்கொண்டு கல்லின் முன்னால் நிற்பான். ரொட்டியும் கோவா இலையும் முட்டையும் அந்தத் தகடுகளுக்குக் கீழே படுகிற பாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, வீட்டில் சோறு இருப்பதை மறந்துவிட்டு உள்ளே வருவார்கள்.

கை வேலை செய்யும்போது வாயைச் சும்மா வைத்திருக்க அழகனுக்குத் தெரியாது.

"எம் மூஞ்சிய பாத்துக்கிட்டே சாப்பிடாதீங்கண்ணே, செரிக்காது. அந்தப் பக்கமா திரும்பி ஒக்காருங்க."

"இந்த ரோல்ஸா? நேத்து மிஞ்சுன மீனு. இதுலயும் மிஞ்சுனா நாளைக்கு கட்லட். அதுவும் மிஞ்சுனா எங்க வீட்டுக்குப் போயிரும், எம் மக இருக்கா தின்னு தீக்க."

கடை முழுக்கச் சிரிக்கும். உண்மை என்னவென்றால் அலியார் முதலாளி காலையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர். பின்னேரம் கண்ணாடி அலமாரியில் ரோல்ஸ் மிஞ்சியதாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு சிரிப்பு. முதலாளி மட்டும் காசுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, "ஒண்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் அழகன்" என்பார். "ரெண்டா வாங்குங்க மொதலாளி, ஒண்ணு பத்தாது" என்பான் அழகன். அதற்கும் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள், சுலக்ஷனா. ஹட்டனில் உள்ள ஒரு பாடசாலையில் நாலாம் ஆண்டு படிக்கிறாள். முகத்தில் தாயைக் கொண்டு பிறந்ததால் தப்பித்தாள் என்பது அழகனின் கருத்து. அந்தப் பிள்ளை இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து இடைவேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்தாள். கேட்டால், "பசிக்கல" என்ற ஒரே பதில். தாய் யோகராணி விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்துவிட்டு, கொழுந்தெடுக்கிறவர்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவள். மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து பெட்டியைத் திறந்தால், காலையில் மடித்து வைத்த ரொட்டி காய்ந்துபோய் அவளையே பார்க்கும்.

பிறகு பாடசாலைக்கு டொக்டர் வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார். சுலக்ஷனாவின் நிறை போன வருஷத்தைவிடக் குறைந்திருந்தது. இப்படியே போனால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியை தனுஷிகா டீச்சர் நல்ல மாதிரியாகப் பேசினார். பிள்ளைகளுக்கு ரோல்ஸ், கட்லட் மாதிரி ஷோர்ட் ஈட்ஸ் கட்டிக் கொடுக்காதீர்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், மரக்கறி, முட்டை, பயறு என்று ஏதாவது சத்தாக அனுப்புங்கள் என்றார். பெற்றோரில் யாராவது ஒருவர் வகுப்புக்கு வந்து பிள்ளைகள் முன்னால் சத்தான சாப்பாடு ஒன்றைச் செய்து காட்டினால் நல்லது என்றும் கேட்டார். எல்லோரும் அவரவர் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள். டீச்சரின் கண் அழகன் பக்கம் வந்தது.

"நான் வந்தா புள்ளைங்க பயந்து சாப்பாட்டையே வெறுத்துருவாங்க டீச்சர்" என்றான் அழகன். கூட்டம் சிரித்தது. அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது. யோகராணி மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஊருக்கே கொத்திப் போடுறீங்க. பெத்த புள்ள வயித்துக்கு ஒரு வழி பண்ணத் தெரியல. இதுல பாஸுன்னு ஒரு பேரு வேற."

அழகன் எத்தனையோ பேச்சைச் சிரித்துத் தள்ளியவன். இதைத் தள்ள முடியவில்லை. போனை எடுத்துத் தேடினான். வெள்ளைச் சமையலறையில் ஒரு பெண், மெல்லிய ரொட்டி ஒன்றை விரித்து, மரக்கறியை நடுவில் வைத்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, இரண்டாக வெட்டிக் காட்டினாள். ரெப் என்றாள். உடம்புக்கு நல்லது, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்றாள்.

"அடச்சீ, இவ்வளவுதானா!" என்றான் அழகன். "இருவது வருசமா நான் வீசுற ரொட்டிக்கு இவ புதுசா பேரு வச்சிருக்கா. யோகா, நாளையிலேருந்து நீ ரொட்டி சுட வேணாம். பாப்பா சாப்பாடு எம் பொறுப்பு."

சொன்ன வாய்க்கு மறுநாள் காலையிலேயே கூலி கிடைத்தது. கோதுமை மா வேண்டாம், குரக்கன் என்கிற கேழ்வரகு மாதான் சத்து என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அழகன் குரக்கன் மாவைப் பிசைந்தான். கடையில் செய்கிற மாதிரியே உருண்டையைத் தட்டி, இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேலே ஒரு வீசு வீசினான். கோதுமை மா என்றால் தலையணை உறை அளவுக்கு விரிந்திருக்கும். குரக்கனுக்கு இழுபடுகிற குணம் கிடையாது என்பது அவனுக்கு நினைவு வருவதற்குள் அது ஆகாயத்திலேயே மூன்றாகப் பிரிந்தது. ஒன்று அடுப்புக்குள் விழுந்தது. ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, யோகராணி மலைக்குப் போக இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த சாக்குப் படங்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

யோகராணி அதைத் தட்டிவிட்டு, "இருவது வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள். அன்று சுலக்ஷனா இரண்டு துண்டு பாண் கொண்டுபோனாள்.

அடுத்த நாள் வீச்சை விட்டுவிட்டு, ஆட்டா மாவைப் போத்தலால் உருட்டி மெல்லிசாகச் சுட்டான். அது நன்றாகவே வந்தது. இரண்டு மூன்று கூடுதலாகவும் சுட்டு வைத்தான். கரட், லீக்ஸ், கோவா எல்லாவற்றையும் நறுக்கித் தாச்சியில் போட்டு வதக்கினான். முட்டையை உடைத்து ஊற்றினான். கையில் கரண்டி, கண் கடிகாரத்தில், மனம் எங்கேயோ. தாச்சியில் சூடு ஏறி அந்த வாசம் வந்ததும் கைக்குத் தன்பாட்டில் வேலை தெரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இரண்டு கரண்டியால் டகடகவென்று கொத்தி, எடுத்து வைத்திருந்த ரொட்டியின் நடுவில் அள்ளி வைத்துச் சுருட்டி, இரண்டாக வெட்டி, தட்டில் நிமிர்த்தி வைத்தான். பார்க்க அந்த வீடியோவில் வந்த மாதிரியே இருந்தது.

யோகராணி குனிந்து பார்த்தாள். "உள்ள என்னங்க வச்சிருக்கீங்க?"

"மரக்கறி."

"மரக்கறிக்கு நடுவுல?"

அழகனும் குனிந்து பார்த்தான். ரொட்டிக்குள் ரொட்டி இருந்தது. பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு செய்யப் போய் ஒரு முழுக் கொத்து ரொட்டியைச் செய்து, அதை இன்னொரு ரொட்டியால் மூடியிருந்தான். யோகராணி படங்கு அவிழும் அளவுக்குச் சிரித்தாள். அழகனும் சிரித்தான். உடம்பில் கை ஒன்று, தலை ஒன்று என்று இரண்டு ஆள் குடியிருப்பதாகவும், கைக்காரன்தான் கெட்டிக்காரன் என்றும் சொன்னான். அறைக்குள்ளே தலை வாரிக்கொண்டிருந்த சுலக்ஷனா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. கையைக் கண்காணித்துக்கொண்டே செய்தான். போஞ்சி, கரட், அவித்த கடலை, கொஞ்சம் தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப் புளி. ஓரத்தைத் தின்று பார்த்தான். சத்தியமாக நன்றாக இருந்தது. நிறமும் கண்ணைப் பறித்தது. இதற்கு மேலே ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பெருமையோடு பெட்டியை மூடினான்.

பின்னேரம் அந்தப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் முட்டை வைத்தான், திரும்பி வந்தது. டின் மீனை எண்ணெய் இல்லாமல் பிரட்டி வைத்தான், அதுவும் வந்தது. அவன் வேலைக்குப் போகிற நேரமும் பிள்ளை பாடசாலை விட்டு வருகிற நேரமும் பஸ் ஸ்டாண்டில் சந்திக்கும். அங்கேயே பெட்டியை வாங்கித் திறந்து, நின்ற நிலையிலேயே தின்று பார்ப்பான். ஆறிப்போயும் ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவனை உள்ளே அரித்தது. கெட்டுப்போயிருந்தால் திருத்தலாம், நன்றாக இருப்பதை எப்படித் திருத்துவது?

உள்ளே அரித்தாலும் கல்லின் முன்னால் நின்றதும் வாய் வழக்கம்போலத் திறந்துகொண்டது. "நல்லா கேட்டுக்கங்க, நான் சமைச்சத எம் மக கையால தொட மாட்டா. நீங்க காசு குடுத்து வாங்கித் திங்கிறீங்க. யாருக்குப் புத்தி கூடன்னு நீங்களே சொல்லுங்க!" அன்றைக்கு வந்த சிரிப்பு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். மூலை மேசையிலிருந்த த்ரீவீல்காரர், கிஷாந்த்தின் அப்பா, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருடைய மகன் சுலக்ஷனாவின் வகுப்பில்தான் படிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அழகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அடுத்த நாளுக்குக் கரட் சுரண்டிக்கொண்டிருந்தான். சுலக்ஷனாவும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டினாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அழகன் பார்க்காத மாதிரிப் பார்த்தான்.

"நல்லா இல்லியா பாப்பா, அப்பா செஞ்சு குடுக்கறது?"

"நல்லாதான் இருக்கும்."

"அப்ப ஏன் திங்கல? பெட்டியத் தொறந்தா எம் மூஞ்சி நெனப்பு வந்து பசி ஓடிப்போயிருதா?"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரட்டைக் கீழே வைத்தாள். "அப்பிடி சொல்லாதீங்கப்பா" என்றாள். பிறகு அழுகை வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் நீங்களே அப்பிடி சொல்லிர்றீங்க. அதத்தான் அவங்களும் சொல்றாங்க."

"யாரு?"

துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. தவணைத் தொடக்கத்திலேயே கிஷாந்த்தின் அப்பா கடையில் கேட்ட மிச்ச ரோல்ஸ் பேச்சை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கிஷாந்த் அதை வகுப்பில் சொன்னான். அன்றிலிருந்து அவள் பெட்டியைத் திறந்தால் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். இது எந்த நாள் மிச்சம் என்று கேட்கிறார்கள். மிச்சத்தைத் தின்று தீர்க்கிறவள் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதனால் அவள் பெட்டியைத் திறப்பதே இல்லை. இடைவேளைக்குத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றுவிட்டு, மணி அடித்தால் திரும்பி வருவாள். போன வாரம் ஒருத்தன் புதிதாகக் கேட்டானாம், நீகூட உங்கப்பா சமைக்கிறதைத் தொட மாட்டியாமே என்று.

"பொய்யின்னு சொல்லியிருக்கலாமே பாப்பா."

"எப்பிடிச் சொல்றது? நீங்கதானே சொன்னீங்க. ஒங்க அப்பாவே சொன்னாருங்கறாங்க."

அழகன் கையிலிருந்த கரட்டைக் கீழே வைத்தான். யாரும் தன்னைக் குத்தக்கூடாது என்று முந்திக்கொண்டு தானே குத்திக்கொள்ளப் பழகியவன், பக்கத்தில் ஒரு பிள்ளை நிற்பதைக் கவனிக்கவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னால் தனக்கு வலிக்காது. எம் மக இருக்கா தின்னு தீக்க என்று அவளையும் சேர்த்து விற்றதை எந்தக் கணக்கில் வைப்பது? வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. பிள்ளையின் தலையில் கையை வைத்தான். கரட் சாறு அவள் முடியில் ஒட்டியது.

அன்று பின்னேரம் கடையில் கொத்துச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு பேர் அவனுக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்கள். அலியார் முதலாளி தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் பிள்ளையோடு பாடசாலைக்குப் போய் தனுஷிகா டீச்சரைக் கண்டான். "அன்னிக்கு கேட்டீங்களே டீச்சர், செஞ்சு காட்டச் சொல்லி. நான் வாரேன்."

டீச்சருக்கு மகிழ்ச்சி. சுலக்ஷனாவுக்குத்தான் முகம் வெளுத்தது. வாசலில் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்பா. நீங்க வந்து ஏதாச்சும் சொல்லுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். அதை அவளும் நம்பவில்லை, அவனும் முழுசாக நம்பவில்லை.

குறித்த நாளில் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அது வயிற்றிடம் வந்ததும் தயங்கியது. காஸ் குக்கர், தோசைக்கல், ஈரத்துணி போட்டு மூடிய மா உருண்டைகள், நறுக்கிய மரக்கறி, அவித்த முட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினான். வகுப்பு முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சுலக்ஷனா இரண்டாவது வரிசையில் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

முதல் ரொட்டி கல்லில் விழுவதற்குள் கிஷாந்த் கையைத் தூக்கினான். "அங்கிள், இது நேத்து மிஞ்சுனதா?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. தனுஷிகா டீச்சர், "கிஷாந்த்!" என்று எழுந்தார். அழகனின் நாக்கு நுனியில் பதில் தயாராக வந்து நின்றது. நல்ல பதில். மிஞ்சியது இது இல்லை தம்பி, கடவுள் அழகைப் பங்கு போட்டதில் மிஞ்சிய மூஞ்சிதான் இது என்று சொன்னால் போதும். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள், எல்லோரும் அவன் பக்கம் வந்துவிடுவார்கள், வந்த வேலையும் சுகமாக முடியும். சுலக்ஷனாவைப் பார்த்தான். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள், ஊசி போடக் கையை நீட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

அழகன் அந்தப் பதிலை விழுங்கினான். அது சுலபமாக இறங்கவில்லை.

"இல்ல தம்பி" என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "இது காலையில வாங்குன மரக்கறி. மாவும் காலையிலதான் பெசஞ்சேன். எங்க கடையில மிஞ்சுனத யாருக்கும் குடுக்கறதில்ல. எம் மகளுக்கும் ஒருநாளும் குடுத்ததில்ல. ஆளுங்கள சிரிக்க வைக்கணும்னு அந்தப் பொய்ய சொன்னது நான்தான். அவளயும் சேத்துச் சொன்னேன். அது தப்பு. நீங்க கேக்குறதா இருந்தா என்னய கேளுங்க, அவள கேக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அழகன் தன் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று, சிரிப்புச் சத்தமே இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. உடம்பில் துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. குனிந்து ரொட்டியைத் திருப்பினான். மரக்கறியை வைத்தான், சுருட்டினான், வெட்டித் தட்டில் அடுக்கினான். தட்டு நிறைந்துவிட்டது. எடுக்க ஒரு பிள்ளையும் எழவில்லை. டீச்சர் "வாங்க பிள்ளைகள்" என்று கூப்பிட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர அசையவில்லை.

இரண்டாவது வரிசையில் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. சுலக்ஷனா எழுந்து வந்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, வகுப்பைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டு, பெரிதாக ஒரு கடி கடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். மென்று விழுங்கினாள். பிறகு அப்பாவைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, உப்பு போடல."

அழகன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உண்மைதான். பயத்தில் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. இருபது வருஷக் கொத்து பாஸ். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் கடையை ஓட்டியிருப்பான். "ஆமா பாப்பா, மறந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உப்புப் போத்தலைத் தேடி எடுத்தான். அவள் கையிலிருந்ததை விரித்துக் காட்டினாள். அவன் தூவினான். அவள் திரும்பவும் சுருட்டிக்கொண்டு, மேசையில் சாய்ந்து நின்று, கன்னம் உப்ப உப்பத் தின்றாள். முன் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தது. பிறகு இன்னொன்று. கிஷாந்த்தும் வந்து, யாரையும் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

அழகன் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சட்டை ஓரத்தில் ஒரு கை இழுத்தது.

"இன்னொண்ணு குடுங்கப்பா" என்றாள் சுலக்ஷனா. "பசிக்குது."

அழகன் அடுத்த உருண்டையை எடுத்தான். அவசரத்தில் அந்த ரொட்டி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் கிழிந்தும் வந்தது. அவள் அதையும் கேட்டு வாங்கித் தின்றாள்.